ஏ.சி. தண்ணி

எங்கள் காரிலிருந்து எண்ணெய் ஒழுகும் என்பது வலியசாலைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருவுக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பாடாக இருந்தது.

வண்டி பழசு. என் ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருவர் புதிது வாங்கியபோது தன் சின்னக் காரை எனக்குக் கைமாற்றிவிட்டார். என் கணவருக்குப் பொழுது சாய்ந்தால் கண் சரியாகத் தெரியாது. அதனால் ஐம்பதை நெருங்குகிற வயதில் நான்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் நாள் தெருவே வாசலில் நின்று பார்த்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

அந்தப் பெருமை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. கார் நிறுத்தத் தனியாக இடம் கிடையாது, தெருவிலேயே நிற்கும். காலையில் வண்டியை எடுத்தால் அடியில் கறுப்பாக ஒரு வட்டம். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் கோலமாவுக் கிண்ணத்தோடு வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்கோ. கோலம் போடற எடத்துல வழுக்கறது, கேட்டேளா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது.

அதற்குப் பிறகு வண்டிக்கு அடியில் அட்டை விரிக்க ஆரம்பித்தேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் என் கணவர் கணக்கு எழுதுகிறார். அங்கிருந்து சோப்புப் பெட்டி அட்டைகளைக் கட்டிக் கொண்டுவருவார். பொழுது விடிந்ததும், பால்காரர் வருவதற்கு முன்னால், நனைந்த அட்டையை உருவி மடித்து வேறொன்று போடுவேன். வாசல் தெளிப்பது மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

வெளியே போனால் மண் தரையாகத் தேடி நிறுத்துவேன். ஆபீஸில் எல்லோரும் நிழலுக்கு அடித்துக்கொள்ளும்போது நான் மதிலோரம் புல் முளைத்த மூலைக்குப் போய்விடுவேன். உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனால், "உள்ளே திருப்பறது கஷ்டம்" என்று சொல்லி மெயின் ரோட்டிலேயே விட்டுவிடுவேன். என் கணவர் பழப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருவார். என்னத்துக்கு இப்படி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கும் தெரியும்.

இப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன், ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று போனில் சொன்னான். அவனோடு வேலை பார்த்தவள், இப்போது மாற்றலாகி எங்கள் ஊருக்கே, கழக்கூட்டத்து ஆபீஸுக்கு வந்திருக்கிறாள். பெற்றோர் பேரூர்க்கடைப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். நம்மவர்கள்தான். "நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போய்ப் பாத்துட்டு வாங்கோ, அப்புறம் நான் லீவு போட்டுண்டு வரேன்" என்றான்.

ஆட்டோவில் போகலாம் என்று நான் சொன்னேன். என் கணவர் கேட்கவில்லை.

"சொந்த வண்டி இருக்கச்சே பிள்ளையாத்துக்காரா ஆட்டோல போய் எறங்கறதா? நன்னாருக்கு!"

"ஒழுகறதே."

"வெளியில நிறுத்திட்டாப் போச்சு."

அப்படித்தான் நானும் எண்ணிக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டு மதிலோரம் புல்தரை இருந்தது. அங்கே ஒதுக்கப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. பெண்ணின் அப்பா குடையோடு ஓடி வந்து கேட்டின் இரண்டு கதவையும் திறந்தார். தன்னுடைய காரை ஏற்கெனவே வெளியே எடுத்துத் தெருவில் நனைய விட்டிருந்தார், எங்களுக்கு இடம் வேண்டும் என்று.

"உள்ளே வாங்கோ மாமி, உள்ளே! மழையாக்கும்."

"இங்கேயே இருக்கட்டும் சார், பரவாயில்லை."

"அதெல்லாம் வேண்டா. நேரே வரட்டும்... இன்னும் கொஞ்சம்... வரட்டும், வரட்டும்."

நனைந்துகொண்டே கையைக் காட்டிக் காட்டி எங்களை உள்ளே அழைத்தார். முடியாது என்று எப்படிச் சொல்வது? போர்ட்டிகோத் தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். புது வீட்டுக்கே உரிய பளபளப்பு. அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன்.

சூடாக ஓடிவந்து நின்ற உடனேதான் அது அதிகமாகச் சொட்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். உள்ளே உட்கார்ந்த நேரம் முழுவதும் மனசு வண்டிக்கு அடியிலேயே கிடந்தது. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தார்கள். காப்பி வந்தது. பெண்ணின் அம்மா மெலிந்த உருவம், அதிகம் பேசாதவள். தட்டில் பழம்பொரி குறையக் குறைய வைத்துக்கொண்டே இருந்தாள். பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆபீஸில் என்ன வேலை, பஸ்ஸில் போவேளா வண்டியிலா என்றெல்லாம் கேட்டாள். நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நல்ல பெண் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மழை விட்டதும், "கிளம்பறோம்" என்று எழுந்துவிட்டேன்.

வெளியே வந்தால், வண்டிக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பு. தரை சாய்வாக இருந்ததால் அதிலிருந்து ஒரு கால்வாய் பிரிந்து வாசற்படியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா பார்த்துவிட்டார். குனிந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"ஏ.சி. தண்ணி ஆக்கும். தானே காஞ்சுடும்."

"ஓ, சரி சரி" என்றார் அவர்.

நான் அதற்குள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இறங்கி, இல்லை சார், எண்ணெய், ஒரு துணி கொடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். சாவியைத் திருப்பினேன்.

இருட்டிக்கொண்டு வந்ததால் முன்விளக்கைப் போட்டு ரிவர்ஸ் எடுத்தேன். பெண்ணின் அம்மா எங்களை வழியனுப்ப வெறுங்காலோடு இறங்கி வந்து, வண்டி நின்ற இடத்திலேயே நின்று கையசைத்தாள். பிறகு திரும்பி உள்ளே போனாள். என் விளக்கு வெளிச்சம் அந்தப் போர்ட்டிகோவையும், திறந்திருந்த கதவையும், அதற்கு உள்ளே வெள்ளைக் கூடத்தையும் பளிச்சென்று காட்டியது. அவள் நடக்க நடக்க ஒவ்வொரு அடியும் கறுப்பாகத் தரையில் பதிந்துகொண்டே போயிற்று. படியில், நிலைவாசலில், கூடத்தில். அவளுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கியரை மாற்றி வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

கவடியார் தாண்டினோம். வெள்ளையம்பலம் ரவுண்டானாவில் சிக்னலுக்கு நின்றபோதுதான் கேட்டேன்.

"நம்ம வண்டில ஏ.சி. எங்கே இருக்கு?"

அவர் முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்து உட்கார்ந்திருந்தார். மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வாயில வந்துடுத்து."

"ஜன்னலை எறக்கிண்டுதானே போனோம். அவர் பாக்கலையா?"

"நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

சிக்னல் விழுந்ததும் வண்டியை எடுத்தேன். அவர் மேல் வந்த கோபத்தைவிட அந்த வார்த்தைதான் என்னை அதிகம் குத்தியது. வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். அந்தப் பொய்க்காக அவரைப் பார்த்து நான் கூசியதும், பிறகு அப்படிக் கூசியதற்காக என்னை நினைத்தே கூசியதும் இன்னும் மறக்கவில்லை. பாவம், எங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தால் பிள்ளை வீட்டார்தான் முதலில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். மறுநாளே போனை எடுத்தேன். எடுத்துவிட்டு என்ன பேசுவது? அந்தத் தரை என்ன ஆயிற்று என்று கேட்காமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? கேட்டால், தெரிந்துதான் போனீர்களா என்று ஆகிவிடாதா? முதலில் வண்டியைச் சரிபண்ணிவிடலாம், ஒழுகாத வண்டியில் நேரே போய் நின்று பேசலாம் என்று முடிவு கட்டினேன். அப்போது அது ரொம்ப நியாயமாகத் தோன்றியது.

கரமனையில் எங்களுக்கு வழக்கமான ஒர்க்‌ஷாப். மெக்கானிக் மலையாளி, நிதானமான மனிதர். முன்பு ஒருமுறை என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் காஸ்கெட்டை மாற்றித் தந்திருந்தார். கொஞ்ச நாள் குறைந்து மறுபடி ஆரம்பித்திருந்தது. இந்த முறை வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்திலிருந்துதான் சொட்டுகிறது, உள்ளே பின்பக்கத்து ஆயில் சீல் போய்விட்டது என்றார்.

"கியர்பாக்ஸ் இறக்கணும், சேச்சி. வலிய பணியாணு. இந்த வண்டிக்கு அதொக்கெ செய்யணுமோ?"

பெரிய வேலை, இதைக் கொடுத்துவிட்டு வேறு பாருங்கள் என்பதை அவர் மரியாதையாகச் சொன்னார். யோசிக்கிறேன் என்று சொல்லி வண்டியைத் திரும்ப எடுத்துவந்தேன். யோசித்தபடியே நாள்கள் போயின. மகன் கேட்டான்.

"அவாத்துக்குக் கூப்பிட்டியாம்மா?"

"கூப்பிடறேண்டா."

"புடிச்சிருக்கா, புடிக்கலையா?"

"பேஷான பொண்ணு. நானே பேசிக்கறேன், நீ ஒண்ணும் சொல்லாதே."

காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. அம்மாவின் வண்டியைப் பற்றி அவனுக்கு என்ன கவலை என்று வைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் ஆபீஸில் மொபைலில் இதையே தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் கீழ்நோக்கித்தான் ஓடும், அதனால் சொட்டுகிற இடம் வேறாக இருக்கலாம், ஓட்டை வேறு இடத்தில் இருக்கலாம் என்று ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். என்ஜினை அழுக்கில்லாமல் கழுவித் துடைத்து, மேலே பவுடரைத் தூவி, வண்டியை ஓடவிட்டுப் பார்த்தால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று வெள்ளையில் தெரிந்துவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். வயர்கள் சேரும் இடங்களைப் பிளாஸ்டிக் பையால் கட்டினேன். மண்ணெண்ணெயும் சோப்புப் பொடியும் கலந்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தேன். வருஷக்கணக்கான அழுக்கு, கரிப்பிசின் மாதிரி. நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். முழங்கை வரை கறுப்பு. கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று, "என்ன மாமி, கல்யாணத்துக்குப் பாத்திரம் தேய்க்கறேளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியது அந்தப் பெண்.

எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், சின்னக் குழந்தை மாதிரி.

"வாம்மா... உள்ளே வா. நான் இதோ கையக் கழுவிண்டு..."

"வேண்டாம் மாமி. நான் இங்கேயே நிக்கறேன். ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்." அவள் ஹெல்மெட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். "எங்காத்துல ஏதாவது குறையா நடந்துடுத்தா?"

"குறையா? என்னம்மா சொல்றே?"

"நீங்க வந்துட்டுப் போனப்பறம் ஒரு போன்கூட இல்லை. அவர்கிட்ட கேட்டா, அம்மா பேசிப்பான்னு மட்டும் சொல்றார். அன்னிக்கும் நீங்க சரியா பேசலை. பாதில எழுந்துண்டுட்டேள். என்னைப் பிடிக்கலைன்னா அது வேற. ஆனா அம்மா தான் ஏதோ தப்பு பண்ணிட்டதா நெனச்சிண்டிருக்கா. பழம்பொரி எண்ணெய் குடிச்சிருந்துதோ, பேசத் தெரியாம நின்னோமோன்னு தினமும் சொல்லிண்டே இருக்கா. ராத்திரி தூங்கறதில்லை. அதான், நேரே கேட்டுடலாம்னு."

 இத்தனை நாளும் அந்தத் தரையை, என் கறையை, என் மானத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒருத்தி தூங்காமல் கிடந்திருக்கிறாள். என் எண்ணெயில் கால் வைத்து நடந்தவள், தான் தப்பு பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"உங்கம்மா காலெல்லாம் எண்ணெயாயிடுத்தே" என்றேன்.  "கூடம் முழுக்க... நான் பாத்தேம்மா. பாத்துட்டுத்தான் போனேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுண்டு கூப்பிடறது?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"மாமி, அது அன்னிக்கே தொடச்சாச்சு. டைல்ஸ்தானே." பிறகு வண்டியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். "ஏ.சி. தண்ணின்னு மாமா சொன்னாரே... அப்பாக்கு அப்பவே தெரியும். ஜன்னல் எறக்கியிருக்கு, இவருக்கு ஏது ஏ.சி.ன்னார். யாரும் அதைப் பத்திப் பேசப்படாதுன்னும் சொல்லிட்டார், நீங்க சங்கடப்படுவேள்னு."

வாசலில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவர் எதுவரை கேட்டார் என்று தெரியாது. உள்ளே திரும்பிப் போனார். காப்பி போடப் போயிருக்கிறார் என்பது டபராச் சத்தத்தில் தெரிந்தது. நான் கறுப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முகத்தில் அப்பியது. அவள் சிரிக்கவில்லை. துண்டின் நுனியை எடுத்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"இப்ப என்ன பண்ணிண்டிருக்கேள்?"

சொன்னேன். ஹெல்மெட்டைப் படியில் வைத்தாள். "பவுடர் எங்கே?" என்றாள்.

துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பையெல்லாம் அவிழ்த்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை டப்பா காலியாகும்வரை கொட்டினோம். என்ஜின் திருநீறு பூசிய மாதிரி ஆகிவிட்டது. ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டேன். அவள் மொபைல் வெளிச்சத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடேறும்வரை ஒன்றுமில்லை. அப்புறம், "மாமி, இங்கே!" என்றாள்.

என்ஜினின் ஓரத்தில், கியர்பாக்ஸுக்கு மேலே, டிஸ்ட்ரிபியூட்டர் என்ற உருண்டையான பாகம் பொருத்தியிருக்கிறது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புவது அதுதான். அது என்ஜினோடு சேரும் விளிம்பில் பவுடர் நனைந்து சாம்பல் நிறமாகியிருந்தது. அங்கிருந்து மயிரிழை போல ஒரு கோடு கியர்பாக்ஸ் மேல் வழிந்து, பின்பக்கமாகப் போய், மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டிய அதே இடத்தில் துளியாகத் தொங்கியது. மேல்மூடி காய்ந்திருந்தது. வேறெங்கும் ஈரமில்லை. அவள் அதைப் படம் எடுத்து என் மொபைலுக்கு அனுப்பினாள்.

மறுநாள் படத்தைக் காட்டியதும் மெக்கானிக் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது ஞான் நோக்கியில்ல, சேச்சி" என்று, தான் அங்கே பார்க்காமல் விட்டதை ஒப்புக்கொண்டார். அங்கே ஒரு ரப்பர் வளையம் உண்டு, அது கல்லாகக் காய்ந்து வெடித்திருந்தது. சாலைக் கடைத்தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர், "இம்புட்டுக்கா இத்தன நாளு அலைஞ்சீக?" என்று கேட்டபடியே ஒரு வளையத்தை எடுத்துத் தந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த நிலையை ஆணியால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டு, மெக்கானிக் அதைக் கழற்றி வளையத்தை மாற்றி மாட்டினார். காப்பி குடித்து வருகிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போக நான் அந்த வேலை முடியும்வரை காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே, அவள் ஸ்கூட்டர் முன்னால் போக, நாங்கள் ஒரு ஆட்டோவில் போனோம். என் கணவர் மறுக்கவில்லை. உள்ளே போனதும் உட்காருவதற்கு முன்பே, பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "அன்னிக்கு நான் சொன்னது பொய். அந்த வண்டில ஏ.சி.யே கிடையாது" என்றார்.  அவர் எழுந்து வந்து என் கணவரின் கையைப் பிடித்து, "அதை விடுங்கோ, உக்காருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

நான் சமையலறைக்குப் போனேன். பெண்ணின் அம்மா அடுப்புப் பக்கம் பார்த்து நின்றிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். கால் பதிந்ததைப் பார்த்ததை, பார்த்துவிட்டுப் போனதை, போனை எடுத்து எடுத்து வைத்ததை. மன்னிச்சுக்கோங்கோ என்றேன்.

அவள் பாலைப் பார்த்துக்கொண்டே, "எண்ணெய் பெரிய காரியமில்லை மாமி. தேய்ச்சாப் போயிடுத்து" என்றாள். டபராவை எடுத்து வைத்தபடி, "ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் பொண்ணுக்கு என்னால கெட்டுப்போச்சோன்னு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தாள். "காப்பிக்குச் சக்கரை எவ்வளவு?" என்று கேட்டாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வண்டி இன்னும் ஓடுகிறது. அந்த இடம் காய்ந்தேயிருக்கிறது. கீழே எண்ணெய் தேங்குகிற சம்ப் பக்கம் லேசாக ஒரு கசிவு இருக்கிறது, அட்டை இன்னும் போடுகிறேன். யார் வீட்டுக்குப் போனாலும், "எண்ணெய் ஒழுகும், எங்கே நிறுத்தட்டும்?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

சம்பந்தியம்மாளுக்கு நான் இப்போது எதற்கெடுத்தாலும் போன் பண்ணுகிறேன். அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பினால், வலியசாலை வந்து சேர்ந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கூப்பிட்டு, வந்துவிட்டோம், சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சிரிப்பு வரும். "இப்பத்தானே மாமி போனேள்" என்பாள். ஆனால் ஒருநாள் வழியில் டயர் பஞ்சராகி, நாங்கள் வந்து சேர நேரமாகிவிட்டது. நான் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தாள். "வந்துட்டேளா?" என்று கேட்ட குரலில் அந்தப் பழைய பயம் இருந்தது.

"வந்துட்டோம், வந்துட்டோம். டயர்தான்" என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.